குவாண்டம் ஆய்வுப் பணி: அந்த ஒரு மணி நேர உரை வெறும் சடங்கா?

14 செப்டம்பர் 2025, இரவு 9.40

வாசகர் ஒருவர் எழுதியது: "குவாண்டத்தில் இப்போது பணம் கொட்டுகிறது. பிஎச்டி முடித்தால் போதும், போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) வீடு தேடி வரும். யாரை எடுப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடும். நேர்காணலில் ஒரு மணி நேரம் உரையாற்றச் சொல்வது வெறும் சடங்கு."

முதல் பாதி அரை உண்மை. இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ள முடியாது.

பணம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் பத்து ஆண்டுகளுக்கு 100 கோடி யூரோ என்று தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. ஆனால் இந்தப் பணம் பெரும்பாலும் திட்டங்களுக்கு வருகிறது. திட்டத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. அதில் கிடைக்கும் வேலைக்கும் அதே ஆயுள்தான். ஒரு பேராசிரியர் தன் காலத்தில் பத்துப் பதினைந்து பேருக்குப் பிஎச்டி வாங்கிக் கொடுக்கிறார், ஓய்வுபெறும்போது காலியாவது ஒரு நாற்காலி. பணம் கூடக் கூட முதல் எண் கூடுகிறது. இரண்டாவது எண் அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை.

உரை விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்காக நான் ஐந்து முறை இப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இருபதுக்கு மேல் கேட்டிருக்கிறேன். காகிதத்தில் முதலிடத்தில் இருந்தவர் உரைக்குப் பிறகு நான்காம் இடத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். உரைதான் வேலை. அவ்வளவுதான்.

14 செப்டம்பர், இரவு 11.15

உதாரணம் தராமல் தூங்கப் போவது சரியில்லை.

என் முதல் போஸ்ட்டாக் நேர்காணல். பிஎச்டி முழுக்க மீக்கடத்தி க்யூபிட்டில் (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு; என்னுடையது கடுங்குளிரில் மின்தடையே இல்லாத பொருளால் சில்லில் செய்த மின்சுற்று). என் பெருமையெல்லாம் ஒரே ஒரு எண்: டி1 = 40 மைக்ரோ விநாடி. தெரியாதவர்களுக்கு: க்யூபிட்டை 0-விலிருந்து 1-க்கு ஏற்றிவிட்டால் அது கீழே விழாமல் சராசரியாக எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் டி1. அந்த எண்ணை ஸ்லைடில் சிவப்பில் பெரிதாகப் போட்டிருந்தேன்.

முன் வரிசையில் ஒரு பெரியவர். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்றே நினைத்தேன். உரை முடிந்ததும் ஒரே கேள்வி: "அதே சில்லை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி குளிர்வித்தால் இந்த எண் என்ன?"

அது எவ்வளவு சரியான கேள்வி என்று விளங்கப் பின்னால் பல மாதம் ஆனது. சில்லின் மேலுள்ள ஆக்சைடு படலத்தில் நுண்ணிய குறைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் அதிர்வெண் க்யூபிட்டின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஆற்றலை உறிஞ்சிவிடும். சூடாக்கிக் குளிர்விக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் குறைகள் சீட்டைக் கலைத்துப் போட்டதுபோல் மாறிவிடும். ஆகவே ஒருமுறை கிடைத்த 40 என்பது திறமையாகவும் இருக்கலாம், சீட்டு நல்லபடி விழுந்ததாகவும் இருக்கலாம்.

"தெரியாது, ஒருமுறைதான் குளிர்வித்தோம்" என்றேன். அரங்கமே அமைதி. வேலை போச்சு என்று முடிவுகட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இரண்டு வாரத்தில் பணி ஆணை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்குக் கிடைத்த வேலை என்று இன்றும் நினைக்கிறேன்.

17 செப்டம்பர்

மின்னஞ்சல் எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

சுருக்கமாக. போஸ்ட்டாக்குக்கு விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பாதி இடங்கள் விளம்பரத்துக்கு முன்பே பேச்சில் இருக்கும். (இதில் அந்த வாசகர் சொன்னது சரி, குறித்துக்கொள்ளுங்கள்.) மின்னஞ்சல் பத்து வரி. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உங்களுக்கு உண்மையிலேயே எழுந்த ஒரு கேள்வி, உங்களால் செய்ய முடிந்த ஒன்று, எப்போது சேர முடியும். "தங்கள் மகத்தான ஆய்வுகளால் கவரப்பட்டு" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் வரிவரை படிப்பதில்லை. பெயரை மாற்றி நூறு பேருக்கு அனுப்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும்? நானே அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை பெயரை மாற்ற மறந்து, ஒருவருக்கு எழுதிய கடிதத்தை அவருடைய பரம வைரிக்கு அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "இது அவருக்குப் போக வேண்டியது என்று நினைக்கிறேன். நானே அனுப்பிவிடட்டுமா?"

விண்ணப்பம் என்றால் சுயவிவரம், கட்டுரைப் பட்டியல், இரண்டு மூன்று பக்கத்தில் ஆய்வுத் திட்டம், மூன்று பரிந்துரைக் கடிதம். ஐரோப்பாவின் மேரி கியூரி நிதிக்குப் போகிறவர்கள் ஒரு விதியை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: போக நினைக்கும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. திட்டமெல்லாம் எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.

18 செப்டம்பர்

"போஸ்ட்டாக் என்று ஏன் எழுதுகிறீர்கள், முதுமுனைவர் என்று தமிழில் எழுதக்கூடாதா?"

எழுதலாம். ஆனால் முதுமுனைவர் என்றதும் நரைத்த தாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். மூன்றாவது போஸ்ட்டாக்கில் இருப்பவர்களுக்குப் பொருத்தம்தான்.

21 செப்டம்பர்

ஸ்லைடு எத்தனை வைக்கலாம் என்று கேட்டவருக்கு: ரஷ்யக் கணிதவியலாளர் ஹோலெவோ 1973-லேயே சொல்லிவிட்டார். க்யூபிட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் திணியுங்கள், அளக்கிறவர் கைக்கு வருவது ஒரு க்யூபிட்டுக்கு ஒரு பிட்தான். உங்கள் ஸ்லைடுக்கும் அதே வரம்பு.

28 செப்டம்பர்

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975-ல் அலெய்ன் ஆஸ்பே என்ற இளைஞர் ஜெனீவாவுக்குப் போய் இயற்பியலாளர் ஜான் பெல்லைப் பார்க்கிறார். பெல் சமனின்மையை (துகள்களை அளந்தால் வரும் விடை முன்பே நிர்ணயமானதா என்று பார்க்க பெல் போட்ட வரம்பு) சோதிக்க ஒரு புதிய வழி வைத்திருக்கிறேன், ஃபோட்டான்கள் என்ற ஒளித்துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளக்கும் திசையை மாற்றப் போகிறேன் என்று விவரிக்கிறார். எல்லாவற்றையும் கேட்ட பெல் முதலில் கேட்டது இயற்பியல் கேள்வி இல்லை. உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. இருக்கிறது என்று ஆஸ்பே சொன்ன பிறகுதான் பேச்சு தொடர்ந்தது.

பெல் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கிளாசரின் வாழ்க்கையே பதில். கிளாசர் பெர்க்லியில் போஸ்ட்டாக்காக எடுக்கப்பட்டது வானொலி வானியலுக்கு. அங்கே அவரை வேலைக்கு எடுத்த சார்ல்ஸ் டவுன்ஸ் அனுமதித்ததால், அதில் பாதி நேரத்தைப் பிடுங்கி, ஸ்டூவர்ட் ஃபிரீட்மன் என்ற மாணவரோடு சேர்ந்து 1972-ல் முதல் பெல் சோதனையைச் செய்து முடித்தார். பிறகு பேராசிரியர் வேலை தேடினார், கிடைக்கவில்லை. குவாண்டத்தின் அடிப்படையைச் சந்தேகிப்பது இயற்பியலே இல்லை என்று பெரியவர்கள் நினைத்த காலம் அது. 2022-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 79. ஃபிரீட்மன் அதற்குப் பத்து ஆண்டு முன்பே இறந்துவிட்டார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "ஆபத்தான தலைப்பை எடுக்கலாமா?" என்று இங்கே ஒரு பிஎச்டி மாணவி கேட்டிருந்தார். பெல் கேட்டதைத்தான் நானும் கேட்பேன்.

7 அக்டோபர்

இயற்பியல் நோபல்! கிளார்க், டெவோரே, மார்டினிஸ். மின்சுற்று ஒன்றில், கையில் எடுக்கும் அளவுள்ள சில்லில், குவாண்டம் ஊடுருவலையும் (தாண்டப் போதிய ஆற்றல் இல்லாத தடையைக் கடந்துவிடுவது) ஆற்றல் படிகளையும் காட்டியதற்கு. 1984, 85-ல் பெர்க்லியில் செய்த சோதனைகள். நான் பிழைப்பு நடத்துகிற க்யூபிட்டெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

இந்தத் தலைப்பில் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது: அப்போது கிளார்க் பேராசிரியர், டெவோரே போஸ்ட்டாக், மார்டினிஸ் பிஎச்டி மாணவர். ஒரே ஆய்வகத்தின் மூன்று படிகளும் மேடை ஏறுகின்றன. மாணவர் பெயரை விட்டுவிட்டுத் தலைவருக்கு மட்டும் மாலை போடும் வழக்கத்தையே பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயம்.

8 அக்டோபர்

நேற்று உற்சாகத்தில் எழுதிவிட்டேன். "அப்படியானால் நல்ல ஆய்வகத்தில் போஸ்ட்டாக் சேர்ந்தால் போதும்" என்று ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டார். வேண்டாம். மேடை ஏறியவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும். பத்து நாள் முன்பு ஃபிரீட்மனைப் பற்றி எழுதியதும் நான்தான்.

19 அக்டோபர்

மாநாட்டு உரை வேறு, வேலைக்கான உரை வேறு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில் சாதாரண உரைக்கு 10 நிமிடம், கேள்விக்கு 2 நிமிடம். ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும். உங்களுக்கு முன் பேசுகிறவர் முடித்ததும் பாதிப் பேர் எழுந்து அடுத்த அறைக்கு ஓடுவார்கள், அதைப் பார்த்து மனம் உடையக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. கட்டுரையைத் தேடிப் படிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். கோட்பாட்டுக்காரர்களின் குவாண்டம் தகவல் மாநாடான க்யூஐபி 1998-ல் தொடங்கியது. அங்கே உரைக்கு இடம் கிடைப்பதே தனித் தகுதியாகச் சுயவிவரத்தில் ஏறுகிறது. உரை கிடைக்கவில்லை, போஸ்டர்தான் (ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குவது) கிடைத்தது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: என் இரண்டாவது வேலை போஸ்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. உரையில் ஒருவர் கேள்வியோடு போய்விடுவார். போஸ்டரில் அவர் நாற்பது நிமிடம் நிற்பார்.

உரையிலேயே வரலாறு நடந்ததும் உண்டு. 1994 ஏப்ரலில் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் பெல் ஆய்வகத்தில் (ஜான் பெல் இல்லை, தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம்) ஒரு கருத்தரங்கில் பேசினார். அன்று அவர் கையில் இருந்தது, தனித்த மடக்கை என்ற கணக்கைக் குவாண்டம் கணினியில் வேகமாகப் போடும் வழி மட்டும். வார இறுதியில் ஜலதோஷத்தோடு வீட்டில் கிடந்தவருக்குக் கணினியியலாளர் உமேஷ் வசிரானியிடமிருந்து தொலைபேசி: பெரிய எண்ணைக் காரணிப்படுத்திவிட்டீர்களாமே, எப்படி? செய்தி காது மாறிக் காது மாறிப் போனதில் மடக்கை காரணியாகிவிட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், உரைக்கும் அந்த அழைப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் ஷோர் காரணிப்படுத்தலையும் கண்டுபிடித்திருந்தார். வதந்தி கிளம்பியபோது பொய், வந்து சேர்ந்தபோது உண்மை.

2018-ல் நடந்தது இன்னும் எனக்குப் பிடித்தது. யூவின் டாங் அப்போது இளநிலை மாணவி. பரிந்துரைச் சிக்கலில் (யாருக்கு எந்தப் படம், எந்தப் பொருள் பிடிக்கும் என்று கணிப்பது) குவாண்டம் வழிமுறைதான் வேகம், சாதாரணக் கணினியால் முடியாது என்று நிறுவுவதுதான் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் அவருக்குக் கொடுத்த வேலை. டாங் நிறுவப் போய், சாதாரணக் கணினியாலும் முடியும் என்று கண்டுபிடித்துவிட்டார். கட்டுரை வெளியாகும் முன் பெர்க்லியில் ஒரு பயிலரங்கில் சொல்லிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அந்தக் குவாண்டம் வழிமுறையை உருவாக்கிய கெரனிடிஸும் பிரகாஷும் உண்டு. மணிக்கணக்கில் கேள்வி. கடைசியில் சரிதான் என்றார்கள். சடங்காம்!

கேட்டுப் பழக விரும்புகிறவர்கள் கனடாவின் பெரிமீட்டர் ஆய்வு நிறுவனத்தின் பிர்சா என்ற உரைக் காணொளித் தொகுப்பைத் திறந்து ஏதாவது ஒரு உரையைக் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து பாருங்கள். உரையை விடக் கேள்விகளில்தான் பாடம் அதிகம்.

2 நவம்பர்

பரிந்துரைக் கடிதம். மூன்று கடிதமும் ஒன்றுபோல் "கடின உழைப்பாளி, பழக இனியவர்" என்று இருந்தால் அது கடிதமே இல்லை. "இவர் வந்த மூன்றாம் மாதம் எங்கள் அளவீட்டு நிரலில் இரண்டு ஆண்டாக ஒளிந்திருந்த தவறைக் கண்டுபிடித்தார்" என்ற ஒரு வரி போதும், குழுவில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே உங்கள் வழிகாட்டிக்கு நினைவூட்டுங்கள். அவர் மறந்திருப்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை, எட்டுப் பேருக்கு எழுதவேண்டி இருக்கும்.

ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எட்டுப் பேருக்கும் அனுப்புகிற வழிகாட்டிகளும் உண்டு. ஊட்டர்ஸும் சூரெக்கும் 1982-ல் தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்று நிறுவியது இவர்களுக்குப் பொருந்தாது போல.

3 நவம்பர்

திருத்தம் வந்திருக்கிறது, சரியான திருத்தம். நகலின்மைத் தேற்றத்தை அதே 1982-ல் டீக்ஸும் தனியாக நிறுவினார். ஜேம்ஸ் பார்க் 1970-லேயே எழுதியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை.

திருத்தியவர் கூடவே கேட்டது: திடீரென்று 1982-ல் ஏன் எல்லோருக்கும் இது தோன்றியது? ஒளித்துகளை நகலெடுத்து ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். மதிப்பிட்டவர்களில் ஒருவரான கிரார்டி, குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்று காட்டி நிராகரிக்கச் சொன்னார். இன்னொருவரான ஆஷர் பெரெஸ் அது தவறு என்று தெரிந்தே வெளியிடச் சொன்னார். எங்கே தவறு என்று தேடுவதில் பயன் இருக்கும் என்று நினைத்தாராம். வெளிவந்தது, எல்லோரும் தேடினார்கள், தேற்றம் கிடைத்தது.

எனக்கு இப்படி ஒரு மதிப்பீட்டாளர் கிடைத்ததே இல்லை. என் தவறுகளுக்கெல்லாம் நேராக நிராகரிப்புதான்.

9 நவம்பர்

"குழுவில் உட்கார்ந்து எதைத்தான் கவனிக்கிறீர்கள்?"

மற்றவர்களைத் தெரியாது, நான் கவனிப்பது ஒரு சொல்லை. ஆங்கிலத்தில் பேசும்போது எல்லாவற்றுக்கும் ஒரே "வீ". நான் அதை மனதுக்குள் தமிழில் பெயர்த்துக்கொண்டே கேட்பேன்: இது "நான்"-ஆ, "நாங்கள்"-ஆ, "நாம்"-ஆ? கோட்பாட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் நாம், கரும்பலகையில் அடுத்த வரிக்கு நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறார். சோதனைக்காரர் சொல்வது நாங்கள், முப்பது பேர் பெயர் போட்ட கட்டுரை. அந்த முப்பதில் இவர் யார்? சில்லை உருவாக்கியவரா, நுண்ணலைத் துடிப்பை வடிவமைத்தவரா, வரைபடம் போட்டவரா? ஐம்பது நிமிடத்தில் நான்கைந்து இடத்திலாவது "இதை நான் செய்தேன்", அதைவிட முக்கியமாக "இதை நான் செய்யவில்லை, என் கூட்டாளி செய்தார்" என்று வந்தால் எனக்கு நிம்மதி.

அடக்கம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் "நான்" சொல்லவே கூச்சப்படுகிறார்கள். உரை முடிந்த பின்னும் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாதவருக்கு எப்படி வாக்களிப்பது?

16 நவம்பர்

சோதனை ஆய்வகத்தில் நேர்காணல் என்றால் உரைக்குப் பிறகு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பலர் அதை ஓய்வு நேரம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை.

காட்சி இது. கூரையிலிருந்து தொங்கும் டைல்யூஷன் ஃபிரிட்ஜ், சில்லைக் கடுங்குளிரில் வைக்கும் கருவி. மேலிருந்து கீழே தட்டுத் தட்டாக, தங்க முலாம் பூசிய செம்பு, ஒவ்வொரு தட்டும் முந்தையதை விடக் குளிர்ந்தது, கடைசித் தட்டு 10, 20 மில்லிகெல்வின், அதாவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸை ஒட்டி. பம்ப் விநாடிக்கு ஒருமுறைக்கு மேல் கீச், கீச் என்று சத்தம் போடும், அரைமணியில் காது பழகிவிடும். யாரோ ஒரு மாணவி ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெல்லிய குழாயில் ஹீலியத்தை ஊதிக்கொண்டு, கசிவுமானியின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது நாளாக.

அந்த இடத்தில் வருகிறவர் என்ன செய்கிறார்? ஒருவர் போன் எடுத்துப் படம் பிடித்தார். இன்னொருவர் அந்த மாணவியிடம், "இண்டியம் வளையத்தை மாற்றிப் பார்த்தீர்களா?" என்று (இணைப்பில் கசிவை அடைக்கும் மெத்தென்ற உலோக வளையம் அது) கேட்டுவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார். யாரை எடுத்தோம் என்று எழுத வேண்டியதில்லை.

எழுதிய பிறகு தோன்றுகிறது: செப்டம்பரில் "உரைதான் வேலை, அவ்வளவுதான்" என்று அடித்துச் சொன்ன ஆள் நான்தானே.

23 நவம்பர்

இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

16-ஆம் தேதி எழுதியதிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பரணில் இருந்த பிஎச்டி காலத்து ஆய்வகக் குறிப்பேடுகளை இறக்கினேன். அந்தச் சில்லின் பக்கங்களைத் தேடினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: இரண்டாம் குளிர்விப்பு, டி1 = 27. பக்கத்தில் பென்சிலில், "கேபிள் மாற்றியதாலா?" என்று ஒரு கேள்விக்குறி. ஒருமுறை இல்லை, இரண்டு முறை குளிர்வித்திருக்கிறோம். நேர்காணலுக்கு நான்கு மாதம் முன்பு.

ஆகவே "தெரியாது, ஒருமுறைதான் குளிர்வித்தோம்" என்று அந்தப் பெரியவரிடம் நான் சொல்லியிருக்கவே முடியாது. உட்கார்ந்து யோசித்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அரங்கில் நான் சொன்னது, "பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன்." அவர் தலையாட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மாலையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபோது, கேள்வியாகக்கூட இல்லை, "எங்களுக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது, எரிச்சலாக இருக்கிறது" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அப்போதுதான் 27-ஐச் சொன்னேன். ஏன் ஸ்லைடில் போடவில்லை என்றார். கேபிள் என்றேன். கேபிள் டி1-ஐ இவ்வளவு மாற்றுமா என்றார். மாற்றாது என்றேன். சிரித்தார். பிறகு ஒரு மணி நேரம் அந்த ஆக்சைடு குறைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பத்து ஆண்டுக்கு மேலாக இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் கொஞ்சம் நேர்மையானவனாகிக்கொண்டே வந்திருக்கிறேன் போல.

24 நவம்பர்

சரி, முதலில் எழுதிய வாசகருக்கு: நீங்கள் சொன்னது முழுத் தவறு இல்லை. மேடையில் நடப்பதில் ஒரு பங்கு சடங்குதான். ஆனால் முடிவு முன்பே நடந்துவிடுகிறது என்றீர்களே, என் அனுபவத்தில் அது பின்பு நடக்கிறது.

1979-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு கணினியியல் மாநாடு. ஜில் பிரஸ்ஸார்ட் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் நீந்திப் பக்கத்தில் வந்து, ஸ்டீபன் வீஸ்னரின் குவாண்டம் பணத்தைப் பற்றி (குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாததால் கள்ளநோட்டு அடிக்க முடியாத பணம்) சொல்லத் தொடங்குகிறார். அவர் சார்ல்ஸ் பென்னட். பிரஸ்ஸார்ட் மறையியல் பற்றிப் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்திருக்கிறார், உரைவரை காத்திருக்கவில்லை. அந்தப் பேச்சு வளர்ந்து 1984-ல் பிபி84 ஆனது, ரகசியச் சாவியைக் குவாண்டம் முறையில் பகிரும் வழி. வீஸ்னர் குவாண்டம் பணத்தைப் பற்றி எழுதியது 1970 வாக்கில். திருப்பி அனுப்பப்பட்டு, 1983-ல்தான் அச்சேறியது. அவர் கட்டுரையைப் பதின்மூன்று ஆண்டு உயிரோடு வைத்திருந்தது இந்த மாதிரிப் பேச்சுகள்தான்.

இருந்தாலும் பிரஸ்ஸார்ட்டின் உரை நிரலில் இல்லாவிட்டால் பென்னட் யாரைத் தேடி நீந்தியிருப்பார்? உரையை நான் முழுதாகக் கைவிடத் தயாராக இல்லை.

14 டிசம்பர்

ஆர்எஸ்ஏ கேள்வி. (பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியிருக்கும் மறையாக்க முறை ஆர்எஸ்ஏ; ஷோர் வழிமுறை குறிவைப்பது அதை.) எந்த உரையாக இருந்தாலும், நீங்கள் வைரத்தின் குறைபாடுகளைப் பற்றிப் பேசினாலும், பின் வரிசையிலிருந்து இது வரும்: "ஆர்எஸ்ஏ-வை எப்போது உடைப்பீர்கள்?" ஆண்டைச் சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். எண்ணைச் சொல்லுங்கள். 2019-ல் கிட்னி, எக்கரோ என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு, 2048 பிட் ஆர்எஸ்ஏ-வுக்கு இரைச்சலுள்ள 2 கோடி க்யூபிட், 8 மணி நேரம். 2025 மே மாதம் கிட்னியே அதைத் திருத்தினார்: 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்குள். கூகுளின் வில்லோ சில்லில் இருப்பவை 105. மூன்று எண்ணையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கணக்குப் போடும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

11 ஜனவரி 2026

முதல் வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கே நேர்காணல் வந்திருக்கிறதாம், அடுத்த வாரம் உரை. (வீடு தேடி வரவில்லை, 31 மின்னஞ்சல் அனுப்பினாராம். இதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.) ஒத்திகைக்காக ஸ்லைடுகளை அனுப்பினார். ஐந்து சில்லில் நான்கு நன்றாக வேலை செய்தன, ஐந்தாவது சொதப்பியது, காரணம் தெரியவில்லை. அதைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால், யாராவது கேட்டால் காட்டலாம் என்று வைத்திருக்கிறார். சரியா என்று கேட்கிறார்.

நடுவில் வையுங்கள். மற்ற நான்கோடு, அதே வரைபடத்தில், அதே நிறத்தில்.

அப்புறம், அந்த வரைபடத்தில் அச்சுகளின் பெயர் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. பெரிதாக்குங்கள். ஸ்லைடுக்கு எண் போடுங்கள்.